சொல்லாத விண்ணப்பமும் மாங்காய் ஊறுகாயும்

எங்கள் தமிழ்ச் சபையில் ஜெபத்தைவிடப் பிரியாணிக்குத்தான் கூட்டம் சேரும். இதைச் சொன்னால் போதகர் வருத்தப்படுவார். ஆனால் அவரே ஒரு முறை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார், அதனால் நானும் சொல்லலாம். அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்டில் ஓர் அமெரிக்கச் சபையின் கட்டடத்தை ஞாயிறு மதியத்துக்கும் புதன் மாலைக்கும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாப்பாடு உண்டு. அன்றைக்குக் காரை நிறுத்த இடம் கிடைக்காது. புதன் மாலை ஜெபக்கூட்டம். அன்றைக்குக் காரைக் குறுக்கே நிறுத்தினாலும் கேட்க ஆள் இருக்காது. போதகர், அவர் மனைவி, நான், என் மனைவி, அவ்வளவுதான் கூட்டம். நான் போனதும் பக்தியினால் இல்லை. கட்டடத்தின் சாவி என்னிடம் இருந்தது.

சாவி வைத்திருந்த ஒரே தகுதிக்காக என்னை ஜெபக்குழுப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். நான் எண்ணெய்க் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்குப் பார்க்கிற இன்ஜினியர். மனிதர்களின் ஆத்தும நிலையைக் கணக்குப் பார்க்க எனக்குத் தெரியாது, பொறுமையும் கிடையாது. "ஜெபிக்கிற சபையா நாம மாறணும் பிரதர்," என்று போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்து மறுக்க முடியவில்லை. என்னைவிட வயதில் சின்னவர். சென்னையில் பெரிய சபையில் வளர்ந்தவர். அங்கே விடியற்காலை ஜெபத்துக்கு இடம் பிடிக்க ஓடுவார்களாம். இங்கே நாங்கள் ஓடுவதெல்லாம் ஃப்ரீவே நெரிசலுக்கு முன்னால் கிளம்பத்தான்.

அந்த ஓட்டத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. காலையில் எல்லாரும் காரில்தானே இருக்கிறார்கள், போனில் சேர்ந்து ஜெபிக்கலாம். நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஒருவர், "கர்த்தாவே, நாங்கள் போக வேண்டிய வழியை எங்களுக்குக் காட்டும்," என்று உருகினார். உடனே அவர் காரில் வழி சொல்லும் கருவியின் பெண் குரல் இடது பக்கம் ஒதுங்கி அடுத்த எக்ஸிட்டை எடுக்கச் சொன்னது. மனந்திரும்புதலுக்காகக் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்த நாள் ஒன்றில், எங்கள் டாக்டர் ஒருவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, "ஒன் லார்ஜ் காஃபி, நோ ஷுகர்," என்றார். யாரோ பழக்க தோஷத்தில் "ஆமென்" என்றார்கள். அதற்கடுத்த வாரத்தோடு அந்த ஜெபம் நின்றது.

பிறகு சங்கிலி ஜெபம். சனிக்கிழமை முழுவதும் ஒரு குடும்பம் விட்டால் இன்னொரு குடும்பம் அவரவர் வீட்டில் ஜெபிக்க வேண்டும். பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, பாட்டு வகுப்பு, பிறந்தநாள் பார்ட்டி எல்லாம் போக மிச்சம் இருந்த நேரத்துக்கு எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். சங்கிலி பல இடங்களில் அறுந்து, கடைசியில் போதகரின் மனைவி ஒருவரே அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருந்த நிலையில்தான் எங்களுக்கு வாடகைக்கு விட்ட அமெரிக்கச் சபையின் ஜெபக்கூட்டத்துக்குப் போதகர் ஒரு நாள் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தவர் முகம் பளபளவென்று இருந்தது. அங்கே ஒரு வழக்கமாம். ஜெப விண்ணப்பம் கேட்கும்போது ஒருவர் கையை மட்டும் உயர்த்தி "அன்ஸ்போக்கன்" என்பாராம். அதாவது, எனக்கு ஒரு பாரம் இருக்கிறது, அது என்னவென்று சொல்ல விருப்பமில்லை, ஜெபியுங்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு ஜெபிப்பார்களாம். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லையாம்.

"ஒண்ணுமே கேக்க மாட்டாங்களா பாஸ்டர்?" என்றேன்.

"ஒண்ணுமே கேக்கல பிரதர். நானே பாத்தேன்."

"அவங்க அமெரிக்கன்ஸ். நம்ம ஆளுங்க?"

"நம்ம ஜனங்க ஜெபத்துக்கு வராததுக்குக் காரணமே இதான் பிரதர். விஷயம் வெளிய போயிடும்னு பயப்படறாங்க. இதை இன்ட்ரொட்யூஸ் பண்ணிட்டோம்னா ஃப்ரீயா வருவாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் சபையில் ஜெப விண்ணப்பம் கொடுப்பதும் பேப்பரில் விளம்பரம் கொடுப்பதும் ஒன்றுதான். என் மகள் பள்ளியில் படித்த காலத்தில் கால்பந்து ஆடிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டாள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபிக்கச் சொல்லி ஒரு வரி போட்டேன். எக்ஸ்ரே எடுத்து வீட்டுக்கு வருவதற்குள் நாகர்கோவிலிலிருந்து என் மாமியார் அழுதுகொண்டே கூப்பிட்டுவிட்டார். பேத்திக்குக் காலில் கம்பி வைத்துவிட்டதாக அங்கே செய்தி. அன்றிலிருந்து என் மனைவி எதற்கும் விண்ணப்பம் கொடுப்பதில்லை. மாமியாருக்கு இதயத்தில் ஏற்கெனவே ஒரு முறை சிகிச்சை நடந்திருக்கிறது. தாங்க மாட்டார் என்று இவளுக்குப் பயம்.

"சொல்லாத விண்ணப்பம்" என்று போதகர் அதற்குத் தமிழில் பெயரும் வைத்து, ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார். அடுத்த புதன்கிழமை வழக்கமான எங்கள் நான்கு பேரோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. போதகர் ஆசையாகக் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. அவர் முகம் மெல்ல வாடியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்திருந்தது. என் மனைவியின் கை.

எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அதற்கு முந்தின வாரம் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். "யாருக்கும் சொல்லக் கூடாது. அம்மா காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்," என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. ஆஸ்டினில் படிக்கிற மகளிடம்கூட "சின்னதா ஒரு டெஸ்ட்" என்றுதான் சொல்லியிருந்தோம். அப்படிப்பட்டவள் கையைத் தூக்கிவிட்டாள்.

காரில் ஏறியதும் கேட்டேன், "என்ன இப்படிப் பண்ணிட்ட?"

"எனக்கு ஜெபம் வேணும். கேள்வி வேணாம். ரெண்டும் தனித்தனியா கிடைக்கும்னு பாஸ்டர் சொன்னாரு. எடுத்துக்கிட்டேன்," என்றாள்.

பாவம், நம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலையிலேயே போன் மணி அடிக்க ஆரம்பித்தது. முதல் அழைப்பு எங்கள் சபையின் மூத்த ஆன்ட்டி. பாளையங்கோட்டைக்காரர், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கே தனி வீட்டில் இருக்கிறார். ஒரே மகன் குடும்பத்தோடு டாலஸில். அவருக்குத் தெரியாமல் எங்கள் சபையில் யாருக்கும் தும்மல்கூட வராது. புதன்கிழமைக் கூட்டத்துக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் புதன்கிழமை நடந்தது வியாழன் காலை அவரிடம் இருந்தது.

"ஒண்ணும் கேக்கல்லம்மா," என்றார் என் மனைவியிடம். "ஜெபிக்கறதுக்குத்தான். பொத்தாம்பொதுவா ஜெபிச்சா எப்படி? அட்ரஸ் இல்லாம லெட்டர் போடற மாதிரில்ல இருக்கு. ஹெல்த்தா, வேலையா, அது மட்டும் சொல்லு."

"அன்ஸ்போக்கன் ஆன்ட்டி."

"சரி சரி. நான் கேக்கவே மாட்டேன். தூக்கம் வருதா உனக்கு? பசிக்குதா?"

அதற்குப் பிறகு சாப்பாடு வர ஆரம்பித்தது. எங்கள் ஜனங்களின் அன்புக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது; ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். ஆனால் பாத்திரத்தைத் திறந்தால் அவரவர் ஊகம் உள்ளே இருந்தது. கேழ்வரகு அடையும் பாகற்காய்ப் பொரியலும் கொண்டுவந்தவர்கள் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கிற இந்திய மளிகைக் கடையிலிருந்து ஒரு மூட்டை பொன்னி அரிசியை என் கார் ஷெட்டில் இறக்கிவைத்துவிட்டு, "எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் லேஆஃப் சகஜம் பிரதர், மனசு விடாதீங்க," என்று தோளைத் தட்டியவரிடம், எனக்கு வேலை போகவில்லை என்று சொன்னேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்று கண்ணீரோடு கட்டிப்பிடித்தார். ஒரு தம்பதி எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசி, விட்டுக்கொடுத்துப் போவதைப் பற்றி இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னார்கள். ஒரு வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாயும் புளிச்ச மாங்காய்த் துண்டுகளும் வந்தன. என் மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் புரியாமல் நின்றாள். புரிந்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு மசக்கை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்! கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊறுகாய்க்காரர்களை நான் அதற்காகவே மன்னித்தேன்.

மகளிடம் போனில் சொன்னேன். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். "அப்பா, திஸ் இஸ் நாட் அ ப்ரேயர் மீட்டிங். திஸ் இஸ் அ கெஸ்ஸிங் கேம்," என்றாள்.

அடுத்த புதன்கிழமை நான் கதவைத் திறக்கப் போனபோது கார் நிறுத்த இடம் இல்லை. உள்ளே நாற்காலி போதாமல் குழந்தைகள் அறையிலிருந்து குட்டி நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டோம். பெரிய பெரிய டாக்டர்கள் முழங்கால் காதில் இடிக்க அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் கண் கலங்கிவிட்டார். "எழுப்புதல் பிரதர்! எழுப்புதல்!" என்றார். தூங்கிக் கிடக்கிற சபைக்குப் பக்தி வந்து விழித்துக்கொள்வதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஜெபம் ஆரம்பித்தது. தூண்டில் போட்டு ஜெபிப்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஒருவர், "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தின் கிரீன் கார்டு காரியத்தை," என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். எங்களிடமிருந்து சத்தம் வரவில்லை. "அல்லது கிரீன் கார்டு கிடைத்திருந்தால் அதன் பின்னான காரியத்தை," என்று திருத்திக்கொண்டார். நாங்கள் குடியுரிமை வாங்கி வருஷக்கணக்காகிறது. இன்னொருவர், "கர்ப்பத்தின் கனியைக் கொடுக்கிற தேவனே," என்றார். ஊறுகாய் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்கு அப்போது உறுதியானது. கடைசியில் ஆன்ட்டி. அவர் பாணியே தனி. "சரீரத்தில் பெலவீனமோ..." என்பார், நிறுத்துவார். "சமாதானக் குறைவோ..." என்பார், நிறுத்துவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் மனைவியின் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அவருக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் பொறுப்பாளர் என்ற அதிகாரத்தில் ஒரு சட்டம் போட்டேன்: இன்றைக்கு எல்லாரும் மௌனமாக ஜெபிப்போம். எங்கள் ஜனங்களுக்கு மௌனமாக ஜெபிக்கத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து "ஸ்தோத்திரம்?" என்று ஒரு குரல் வந்தது. கேள்விக்குறி போட்ட ஸ்தோத்திரத்தை வேறு எந்தச் சபையிலாவது கேட்டிருக்கிறீர்களா? கூட்டம் முடிந்ததும் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுச் சாவியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்தாகிவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடியோவில் கூப்பிட்டார். ஊர்க் கதை, மழைக் கதை எல்லாம் பேசிவிட்டு, "எங்க பெண்கள் ஐக்கியத்துலயும் உங்க சபையில உள்ள சொல்லாத விண்ணப்பத்துக்கு ஜெபிச்சோம்," என்றார். நான் காபியைக் கீழே வைத்தேன். இங்கிருந்து ஒரு வார்த்தையும் போகவில்லை. வார்த்தை இல்லாததே நாகர்கோவில்வரை போயிருக்கிறது.

"யாரோடதுன்னு தெரியுமாம்மா?" என்றாள் என் மனைவி மெதுவாக.

"உன் பேரு சொல்லித்தான் மக்களே சொன்னாவ." அந்தப் பக்கத்தில் ஒரே மகளையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்புறம் ஏன் நீ என்கிட்ட கேக்கல?"

"சொல்லாத விண்ணப்பம்னா கேக்கப்பிடாதுல்லா. நீயா சொல்லுகது வரைக்கும் இருப்போம்னு இருந்தேன்."

சுகர் லேண்டில் இத்தனை பேர் இருந்தோம். அந்த வழக்கத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டு கடைப்பிடித்தது, யாரிடமிருந்து மறைக்க நினைத்தோமோ அவர் மட்டும்தான். என் மனைவி உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் மாமியாரின் இதயத்தை நினைத்து நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது."

"சரி. இனி அந்தப் பக்கம் சொல்லி ஜெபிக்கேன். நீ சாப்பிட்டியா?"

அன்றைக்கு இவள் நன்றாகத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை.

முடிவு வந்தது ஹில்கிராஃப்ட் மளிகைக் கடையில். கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் சிணுங்கியது. ஆஸ்பத்திரியின் செயலியில் அறிக்கை வந்துவிட்டது. "நீங்களே பாருங்க," என்று என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு மூக்குக் கண்ணாடி அகப்படவில்லை. அது என் தலையில் இருந்தது. எடுத்துப் போட்டுப் படித்தேன், நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை படித்தேன். "சாதாரணக் கட்டிதானாம். ஒண்ணும் இல்லையாம்," என்றேன். அவள் அரிசி மூட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கடைக்கு நடுவில், வெட்கமே இல்லாமல், வாய்விட்டு அழுதேன். அவளை இழந்துவிடுவேனோ என்று அத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்தேன். கோபம் எல்லாம் அந்தப் பயம்தான்.

நிமிர்ந்து பார்த்தால், எதிர் வரிசையில் கையில் முருங்கைக்காய்க் கட்டோடு ஆன்ட்டி நிற்கிறார்.

இனி என்ன மறைத்து என்ன என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எங்கள் இருவரையும் பார்த்தார். முருங்கைக்காயை வண்டியில் வைத்தார். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்விட்டார். போன் செய்யத்தான் போகிறார் என்று என் மனைவியிடம் சொன்னேன். வீட்டுக்குப் போவதற்குள் இரங்கல் சாப்பாடு வந்துவிடும் என்றும் சொன்னேன்.

எதுவும் வரவில்லை. ஒரு போன்கூட வரவில்லை.

புதன்கிழமை மறுபடியும் கூட்டம் நிறைந்திருந்தது. என் மனைவி எழுந்து நின்றாள். "என்னுடைய சொல்லாத விண்ணப்பத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்திருக்காரு. ஜெபிச்ச எல்லாருக்கும் தேங்க்ஸ்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அறை முழுவதும் ஒரு தவிப்பு ஓடியது. அரிசி மூட்டைக்காரரால் தாங்க முடியவில்லை. "ப்ரெய்ஸ் த லார்ட் சிஸ்டர்! என்ன பதில்?"

"நல்ல பதில் பிரதர்."

அவ்வளவுதான். இத்தனை வாரம் ஃப்ரீவேயில் ஊர்ந்து வந்தவர்களுக்கு இதுதான் கிடைத்தது. அடுத்த வாரம் பழையபடி நான்கு பேர்தான் இருப்போம் என்று எனக்குத் தோன்றியது. போதகருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வேறு யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று ஒப்புக்குத்தான் கேட்டார்.

ஆன்ட்டி கையைத் தூக்கினார்.

"அன்ஸ்போக்கன்," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ஜெபிக்க வேண்டியது என் முறை. எழுந்து நின்று கண்ணை மூடினேன். மூடியதும் எனக்குள் ஒரு அரிப்பு ஆரம்பித்தது. என்னவாக இருக்கும்? முழங்காலா? டாலஸ் மகனா? மருமகளா? "ஆண்டவரே, எங்கள் ஆன்ட்டியை நினைத்தருளும். சரீரத்தில் பெலவீனமோ..." என்று என் வாய் தானாகச் சொன்னது. நிறுத்தினேன். ஒரு கண்ணைத் திறந்தேன்.

ஆன்ட்டி இரண்டு கண்களையும் இறுக்கி மூடியிருந்தார். அவர் கை என் மனைவியின் கைக்குள் இருந்தது. ஒருவரும் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "உமக்குத் தெரியும் ஆண்டவரே, ஆமென்," என்று உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சின்ன ஜெபம் அதுதான்.

திரும்பி வரும்போது காரில், "என்னவா இருக்கும்?" என்றேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.

மறுநாள் காலை அவள் ஒரு பாத்திரம் நிறைய இட்லி அவித்து, துணி போட்டு மூடினாள்.

"ஏன் இட்லி?"

"இட்லியைப் பாத்து யாராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

ஆன்ட்டி வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து, துணியை விலக்கிப் பார்த்து, "வெறும் இட்லியா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே என் மனைவியின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கண்கள் சிவந்து திரும்பி வந்த என் மனைவியிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வீடுவரை கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கர்த்தருக்குத் தெரியும்.